ட்ரோன் தேர்வுக்கு ஓர் இட்லிக் கடைப் பாடம்

மிக்சியின் குமிழைத் திருகிய முதல் நொடியைக் கவனித்திருக்கிறீர்களா? ஜாருக்குள் பிளேடு ஒரு பக்கமாகச் சுழலத் தொடங்கும். மிக்சியின் உடம்பு எதிர்ப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டித் திமிறும். நம் கை தானாகப் போய் மூடியை அழுத்திக்கொள்ளும். அழுத்தாவிட்டால் அது மேடையில் நகர்ந்துகொண்டே போகும்.

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவின் மகளுக்கு, ட்ரோன் ஓட்டும் சான்றிதழுக்கான பாடத்தை நான் இந்த மிக்சியிலிருந்துதான் தொடங்கினேன். பத்தாவது முடித்து ஐடிஐ படித்த பெண். காலை வியாபாரம் பதினோரு மணிக்கு ஓய்ந்ததும், கழுவிய இட்லித் தட்டுகளை அடுக்கிவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்காருவாள். மடியில் ஆங்கிலத்தில் அச்சான குறிப்புப் புத்தகம். ஓரங்களில் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதி வைத்திருந்தாள்: ‘டார்க்’, ‘யா’, ‘பிட்ச்’, ‘ரோல்’.

“இதெல்லாம் மனப்பாடம்தான் பண்ணணுமா மாமா?”

மனப்பாடம் செய்தால் இரண்டாம் நாள் மறந்துவிடும். அந்தப் புத்தகத்தில் இருப்பதில் பெரும்பகுதி அவள் அம்மாவின் கடையில் தினமும் நடக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன், அவளைப் போலப் படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காகவும்.

மிக்சி ஏன் திமிறுகிறது? பிளேடை ஒரு பக்கம் தள்ளும் மோட்டார், அதே அளவு விசையால் தன்னை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொள்கிறது. அந்த முறுக்குவிசைதான் ‘டார்க்’. இப்போது இந்த மிக்சியை அழுத்திப் பிடிக்க மேடையும் கையும் இல்லாத ஆகாயத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மோட்டார் என்றால் உடம்பு பம்பரமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் நான்கு இறக்கை ட்ரோனில் இரண்டு மோட்டார்கள் வலமாகவும் இரண்டு இடமாகவும் சுழல்கின்றன. மூலைக்கு மூலை எதிரெதிராக இருக்கும் இரண்டும் ஒரே திசை. நான்கு மிக்சிகளின் திமிறலும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். உடம்பு அசையாமல் நிற்கும்.

இதற்குள்ளேயே அடுத்த கேள்விக்கும் விடை இருக்கிறது. ட்ரோன் நின்ற இடத்திலேயே முகத்தைத் திருப்புவது எப்படி? வலமாகச் சுழலும் இரண்டின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, இடமாகச் சுழலும் இரண்டின் வேகத்தை அதே அளவு குறைத்தால் போதும். மொத்தத் தூக்குவிசை மாறாது, உயரம் மாறாது. திமிறல் மட்டும் ஒரு பக்கம் மிஞ்சும், உடம்பு இடப்பக்கம் திரும்பும். இதுதான் ‘யா’. முன்னால் போவதற்குப் பின்பக்க மோட்டார்கள் வேகமெடுக்க வேண்டும். சாம்பார் அண்டாவின் பின்பக்கத்தைத் தூக்கினால் குழம்பு முன்பக்கம் பாய்வது போல, சாய்ந்த பக்கத்துக்கு ட்ரோன் பாயும். ஆனால் சாய்ந்த நேரத்தில் தூக்குவிசையின் ஒரு பங்கு முன்னே தள்ளுவதற்குப் போய்விடுவதால், உயரம் லேசாக இறங்கும். அதை ஈடுகட்ட விசையைக் கூட்ட வேண்டும். எழுத்துத் தேர்வில் இதைக் கேட்பார்கள். பறக்கவிடும்போது கையும் இதை அறிந்திருக்க வேண்டும்.

நடுவில் இருக்கும் சின்னக் கணினி, அதாவது ‘ஃப்ளைட் கண்ட்ரோலர்’, என்ன செய்கிறது? தண்ணீர் லாரியில் பிடித்த குடத்தை இடுப்பில் வைத்து மாடிப்படி ஏறும் பெண்களைப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் குடம் சாய்கிறது, ஒவ்வொரு படியிலும் இடுப்பு அதைத் திருத்துகிறது. தளும்பிய பிறகு திருத்துவதில்லை. தளும்பப் போகிறது என்று தெரிந்ததும் திருத்துகிறார்கள். ட்ரோனுக்குள் இருக்கும் கைரோ, முடுக்கமானி உணரிகள் சாய்வைச் சொல்ல, கணினி நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை மோட்டார்களைத் திருத்திக்கொண்டே இருக்கிறது.

அது திருத்தும் முறைக்கு ‘பிஐடி’ என்று பெயர். படிப்பவர்கள் பயப்படும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பால் காய்ச்சுவதை எடுத்துக்கொள்வோம். பால் எவ்வளவு ஆறியிருக்கிறதோ அவ்வளவு தீயைக் கூட்டுகிறோம். அது முதல் எழுத்து, குறைக்குத் தகுந்த திருத்தம். கூட்டியும் வெகு நேரமாகக் கொஞ்சம் குறைவாகவே இருக்கிறது என்றால், அந்தக் குறையை மனத்தில் சேர்த்து வைத்து இன்னும் ஒரு திருகு கூட்டுகிறோம், அது இரண்டாவது. மூன்றாவதுதான் அனுபவசாலியின் வேலை. பால் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அக்கா பார்ப்பதில்லை, எந்த வேகத்தில் எழும்புகிறது என்று பார்க்கிறார். சர்ரென்று எழும்பினால் விளிம்புக்கு வருமுன்பே கை அடுப்புக் குமிழுக்குப் போய்விடும். இந்த மூன்றாவது எழுத்து இல்லாவிட்டால் ட்ரோன் சரியான நிலையைத் தாண்டித் தாண்டி ஆடிக்கொண்டே இருக்கும். பாலும் பொங்கி வழிந்துவிடும்.

பேட்டரியைப் பற்றி ஆண்களைவிடப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பது எளிது என்று நினைக்கிறேன். காஸ் சிலிண்டரோடு பழகியவர்களுக்கு லித்தியம் பாலிமர் பேட்டரியின் குணம் சொல்லாமலே தெரியும். சிலிண்டரில் திரவம் இருக்கும்வரை தீ ஒரே சீராக எரியும். பாதி தீர்ந்தாலும் முக்கால் தீர்ந்தாலும் அடுப்பில் வித்தியாசம் தெரியாது. கடைசியில் திடீரென்று நீலம் சிவந்து, அப்படியே படுத்துவிடும். லித்தியம் பேட்டரியும் அப்படித்தான்: வோல்டேஜ் வெகு நேரம் மெதுவாக இறங்கி, கடைசிக் கட்டத்தில் செங்குத்தாக விழும். அடுப்பு அணைந்தால் பக்கத்து வீட்டில் சிலிண்டர் கேட்கலாம். நூறு அடி உயரத்தில் நிற்கும் ட்ரோனுக்குப் பக்கத்து வீடு கிடையாது. அதனால் முப்பது சதவீதம் மிச்சம் இருக்கும்போதே தரைக்கு வந்துவிட வேண்டும் என்று பழகிக்கொள்ளுங்கள்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 10,000 எம்ஏஹெச் பேட்டரி என்றால் 10 ஆம்பியர்-மணி. ட்ரோன் நிலையாக நிற்க 30 ஆம்பியர் இழுக்கிறது என்றால் 20 நிமிடம் வரும். அதில் 70 சதவீதம்தான் நம்முடையது: 14 நிமிடம். மாலைக் காற்றில் எதிர்த்துப் பறந்தால் அதுவும் குறையும். ஒரு செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், சாதாரண மதிப்பு 3.7, பத்திரப்படுத்தி வைக்க 3.8 அளவு, 3.0-க்குக் கீழே ஒருபோதும் இறங்கக் கூடாது. ‘சி ரேட்டிங்’ என்பது ரெகுலேட்டரின் அளவு மாதிரி. வீட்டு ரெகுலேட்டரை வைத்துக் கல்யாண மண்டபத்து அடுப்பை எரிக்க முடியாது. சிலிண்டரில் காஸ் நிறைய இருந்தாலும் ஒரே நேரத்தில் அவ்வளவு வெளியே வராது. அதே 10 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 25 சி என்று போட்டிருந்தால், 250 ஆம்பியர் வரை இழுக்கலாம் என்று பொருள். உப்பிய பேட்டரியை, உப்பிய பிஸ்கட் பாக்கெட்டைப் போல அமுக்கிப் பார்க்காதீர்கள். அதன் வேலை அன்றோடு முடிந்தது.

வானிலைப் பாடத்துக்குத் திருவொற்றியூரைவிட நல்ல வகுப்பறை கிடையாது. அடுப்பில் ஒரு பக்கம் தோசைக்கல், மறு பக்கம் அண்டா நிறையத் தண்ணீர். இரண்டுக்கும் ஒரே தீ. கல் சட்டென்று சுடும், அணைத்தால் சட்டென்று ஆறும். தண்ணீர் சூடாகவும் நேரமாகும், ஆறவும் நேரமாகும். நம் தெருவும் தண்டவாளமும் தொழிற்சாலைக் கூரைகளும் தோசைக்கல். வங்காள விரிகுடா அண்டா. வெயில் ஏற ஏறத் தரைமேல் காற்று சூடாகி எழும்பும், அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். இது கடற்காற்று. இரவில் கல் முதலில் ஆறிவிடுவதால் திசை மாறிக் கரையிலிருந்து கடலுக்கு வீசும். விடியலில் படகு தள்ளுபவர்களுக்கு இந்தப் பாடம் தேவையில்லை. வாடை, கச்சான், கொண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைப்பவர்கள் அவர்கள்.

காலையில் அமைதியாக இருக்கிறதே என்று பதினொன்றரைக்குப் பறக்கத் திட்டமிட்டால், அந்த நேரத்துக்குக் கடற்காற்று வந்து நிற்கலாம். தரையில் கொடி அசையாமல் இருக்கும்போதே, உயரப் புகைபோக்கியின் புகை ஒரு பக்கம் வளைந்து போவதைப் பாருங்கள். மேலே காற்று வேறு. விமான நிலைய வானிலை அறிக்கையை வாசிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். அதில் சென்னைக்கு ‘விஓஎம்எம்’ என்று குறியீடு, வேகம் ‘நாட்’ கணக்கில், நேரம் உலகப் பொது நேரத்தில். ஒரு நாட் மணிக்கு 1.852 கிலோமீட்டர். அறிக்கையில் ஆறு மணி என்றால் நமக்குப் பதினொன்றரை.

இதில் ஒரு கேள்வி எல்லோரையும் ஏமாற்றும். ஈரக்காற்று கனமா, காய்ந்த காற்று கனமா? ஈரத் துணி கனமாக இருப்பதால் ஈரக்காற்றுதான் கனம் என்று எழுதிவிடுவார்கள். இட்லிப் பானையைத் திறந்ததும் ஆவி எங்கே போகிறது? மேலே. சூடு அதற்கு ஒரு காரணம்; நீராவி மூலக்கூறு நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளைவிட லேசானது என்பது இன்னொரு காரணம். ஆகவே மே மாதத்துச் சூடும் புழுக்கமும் சேர்ந்தால் காற்றின் அடர்த்தி குறையும், இறக்கைகளுக்குப் பிடிமானம் குறையும், பேட்டரி சீக்கிரம் தீரும்.

அடுத்து வரைபடம். இந்திய வானம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தியாகராஜ சுவாமி கோயில் மடைப்பள்ளிக்குள் நாமாக நுழைய முடியாது. அது சிவப்பு, மத்திய அரசின் அனுமதி வேண்டும். இன்னொருவர் வீட்டுச் சமையலறை என்றால் கேட்டுவிட்டுப் போகலாம். அது மஞ்சள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தைக் கேட்க வேண்டும். நம் வீட்டுச் சமையலறை பச்சை. 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. ஆனால் விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள வட்டத்தில் அந்தப் பச்சை 200 அடியோடு நின்றுவிடும், அதற்கு மேல் மஞ்சள்.

மீனம்பாக்கம் நமக்கு நேர்கோட்டில் இருபது கிலோமீட்டருக்கு மேல். அதை வைத்து நம் ஊர் முழுவதும் பச்சை என்று நினைத்துவிடாதீர்கள். துறைமுகங்கள், மணலி சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையங்கள் என்று அடுத்தடுத்து நிற்கும் கரை இது. விமான நிலையத் தூரத்தை மட்டும் அளந்துவிட்டு ட்ரோனைக் கிளப்பக் கூடாது. போதாததற்கு, காவல்துறை கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி 96 மணி நேரம் வரை ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கலாம். தேர் ஓடும் நாளில் நேற்றைய வரைபடம் செல்லாமல் போகலாம். அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணையதள வரைபடத்தை அன்றன்றைக்குப் பறக்கும் முன் பார்க்க வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கல் இரும்பு. ட்ரோனுக்குத் திசை சொல்வது ஒரு காந்தமானி. கன்டெய்னர் அடுக்குகளுக்கு நடுவிலோ, கம்பி கட்டிய மொட்டை மாடித் தளத்திலோ வைத்து அதைச் சீரமைத்தால், வடக்கு எது என்று தப்பாகக் கற்றுக்கொண்டு மேலே போகும். பிறகு நேராக நிற்கச் சொன்னால் வட்டம் போடும். மண் தரைக்குப் போய்ச் செய்யுங்கள், கைப்பேசியைப் பையில் வைத்துத் தள்ளி வைத்துவிடுங்கள்.

பறக்கும் முன் செய்யும் சோதனைக்குக் குக்கரைத் தவிர வேறு உவமை எனக்குத் தோன்றவில்லை. அக்கா குக்கரை மூடும் முன் செய்வதை அருகிலிருந்து பார்த்தேன். காஸ்கெட்டை விரலால் ஒரு சுற்றுத் தடவினார், வெடிப்பு இருக்கிறதா என்று. மூடியைத் தூக்கி ஆவிக்குழலின் துளை வழியே ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தார். தண்ணீர் அளவைப் பார்த்தார். பிறகுதான் மூடினார். இத்தனைக்கும் இருபது வருடமாகத் தினம் மூடுகிற குக்கர். ஒரு நாளும் அவர் அதைத் தவிர்த்து நான் பார்த்ததில்லை. இறக்கையில் கீறல், திருகாணியில் தளர்வு, பேட்டரி பூட்டு, செயற்கைக்கோள் எண்ணிக்கை என்று ட்ரோனுக்கும் அதே வரிசை. குக்கரின் பாதுகாப்பு வால்வுக்கு இணையானது ‘ஃபெயில்சேஃப்’: ரிமோட் தொடர்பு அறுந்தால் ட்ரோன் தானே கிளம்பிய இடத்துக்குத் திரும்பும். எந்த உயரத்தில் திரும்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே நாம் சொல்லி வைக்க வேண்டும். துறைமுகக் கிரேன்களும் உயரழுத்த மின் கம்பிகளும் நிற்கும் ஊரில் அந்த எண்ணைச் சும்மா விட்டுவிட்டால், ட்ரோன் நேராகப் போய் அவற்றில் மோதும்.

செய்முறைத் தேர்வில் கை தடுமாறும் இடம் ஒன்றே ஒன்று. ட்ரோனின் முதுகு நம் பக்கம் இருக்கும்வரை இடம் இடம்தான், வலம் வலம்தான். அது திரும்பி நம்மைப் பார்த்துவிட்டால் எல்லாம் தலைகீழ். ரிமோட் குச்சியை இடப்பக்கம் தள்ளினால் நம் பார்வையில் வலப்பக்கம் போகும். எட்டு வடிவில் ஓட்டும்போது பாதி வழியில் இது நடக்கும். பந்தி பரிமாறியவர்களுக்கு இது புதிதல்ல. இலையின் நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். எதிரே நின்று பரிமாறுபவருக்கு அது வலப்பக்கம். உப்பும் ஊறுகாயும் அவர் தன் இடத்தை நினைத்து வைப்பதில்லை, உட்கார்ந்திருப்பவராகத் தன்னை நினைத்துக்கொண்டு வைக்கிறார். ட்ரோனுக்குள் தான் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னேன். பயிற்சியில் முதலில் வருவது சிமுலேட்டர். அதில் எத்தனை முறை விழுந்தாலும் செலவில்லை. வெட்கப்படாமல் விழுந்து பழகுங்கள்.

ரேடியோப் பேச்சும் பாடத்தில் உண்டு. கட்டுப்பாட்டு மையம் சொன்னதை விமானி திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். “நாலு இட்லி, ஒரு வடை, சாம்பார் தனி!” என்று மேசையிலிருந்து குரல் வரும். “நாலு இட்லி, ஒரு வடை, சாம்பார் தனி!” என்று அடுப்பிலிருந்து அதே குரல் திரும்பும். அவ்வளவுதான்.

சட்டப் பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ட்ரோன் விதிகள் 2021’, அந்த ஆண்டு ஆகஸ்ட் 25-இல் வந்தது. 2022 பிப்ரவரித் திருத்தத்தில் ‘லைசென்ஸ்’ போய் ‘சான்றிதழ்’ வந்தது. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சி நிறுவனமே அதை வழங்கும். வயது 18 முதல் 65, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, சான்றிதழுக்குப் பத்து ஆண்டு ஆயுள். எடைப் பிரிவு என்பது, பாத்திரமும் பண்டமும் போல, ட்ரோனும் அது தூக்கும் சுமையும் சேர்ந்த எடை: 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 வரை ஸ்மால், 150 வரை மீடியம், அதற்கு மேல் லார்ஜ். நானோவுக்கும், வணிகம் அல்லாத மைக்ரோவுக்கும் சான்றிதழ் வேண்டாம். கூலி வாங்கிக் கல்யாணப் படம் எடுத்தால் அது வணிகம். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். விதி மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

2023 செப்டம்பரில் வந்த திருத்தத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதுவரை பாஸ்போர்ட் கட்டாயமாக இருந்தது. இப்போது வாக்காளர் அட்டையோ ரேஷன் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ போதும். வடசென்னையில் எத்தனை வீட்டில் பாஸ்போர்ட் இருக்கிறது? ரேஷன் அட்டை எல்லா வீட்டிலும் இருக்கிறது. அந்த ஒரு வரித் திருத்தம் எங்கள் தெருவுக்குத் திறந்த கதவு.

வேலை எங்கே என்று அக்கா கேட்டார். பக்கிங்ஹாம் கால்வாயில் கொசுமருந்து தெளிக்க மாநகராட்சி ட்ரோன்களைப் பயன்படுத்தியிருக்கிறது. 2023-இல் சென்னைக் காவல்துறை அடையாறில் தனி ட்ரோன் பிரிவு தொடங்கியது. என் ஆசை வேறொன்றும் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. படகும் வலையும் கறுத்துப் போயின. எதுவரை பரவியிருக்கிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்லும் கண், அந்தக் கரையிலேயே பிறந்த ஒருவருடையதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1946-இல் இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கியதுதான் எம்ஆர்எஃப். ஆகாயத்துக்குப் பொருள் அனுப்புவது இந்த ஊருக்குப் புதிதில்லை.

பயிற்சிக்கு எங்கே போவது? குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வான்வெளி ஆய்வு மையம் வெகு காலமாக ட்ரோன் வேலை செய்துவருகிறது. தமிழ்நாடு அரசும் ஆளில்லா விமானக் கழகம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. தேரடியில் மெட்ரோ ஏறினால் அதே நீலத் தடத்தில் விமான நிலையம், அங்கிருந்து குரோம்பேட்டை பக்கம்தான். தனியார் நிறுவனங்களும் உண்டு.

சேரும் முன் ஒன்று செய்யுங்கள். எங்கள் தெருவில் ஒரு பையன் விளம்பரம் பார்த்து ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டினான். மூன்று நாள் பறக்கவிட்டுவிட்டு லேமினேட் செய்த ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதில் டிஜிசிஏ பெயரும் இல்லை, சான்றிதழ் எண்ணும் இல்லை. டிஜிசிஏ பட்டியலில் அந்த நிலையமே இல்லை. கட்டிய பணம் அவன் அம்மாவின் சீட்டுப் பணம். ஆகவே காசு கொடுக்கும் முன் டிஜிசிஏ வெளியிடும் அங்கீகாரப் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். உங்களுக்குத் தரப்போகும் சான்றிதழ் எந்த எடைக்கு, எந்த வகை ட்ரோனுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். பெயர் பட்டியலில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.